எழுபத்திரண்டு மணி நேரமும் இருபது நிமிடமும்



1928-ல் அமெரிக்காவில் குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் ஜான் பி. வாட்சன், உளவியலில் நடத்தையியல் என்ற போக்கைத் தொடங்கிவைத்தவர். பிள்ளையைக் கட்டி அணைக்காதே, முத்தமிடாதே, மடியில் உட்கார வைக்காதே; மனசு கேட்கவில்லை என்றால் இரவு தூங்கப் போகும்போது நெற்றியில் ஒரு முத்தம், காலையில் எழுந்ததும் ஒரு கைகுலுக்கல், அதற்கு மேல் வேண்டாம். பெற்றோருக்கு அவர் சொன்ன அறிவுரை இதுதான். இன்று நமக்குச் சிரிப்பு வருகிறது. அன்று அதற்குப் பெயர் அறிவியல். வாட்சன் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக இருந்தவர். மாணவி ஒருவரோடு இருந்த தொடர்பு வெளியே தெரிந்ததால் 1920-ல் பதவியை இழந்து, விளம்பர நிறுவன வேலைக்குப் போய்விட்டார்.

அந்த நூல் பரபரப்பாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், கனடாவின் டொராண்டோ நகரில் ஒரு பள்ளிச் சிறுமி வில்லியம் மக்டூகல் எழுதிய உளவியல் நூல் ஒன்றைப் படித்தாள். வயது பதினைந்து. ஒரு மனிதர் ஏன் இப்படி உணர்கிறார், ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்பதற்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் காரணம் தேடலாம் என்று அன்றுதான் அவளுக்குத் தோன்றியது. உளவியல்தான் படிப்பது என்று முடிவு செய்தாள். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, வாட்சன் விட்டுப்போன அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பேராசிரியராக இருந்துகொண்டு, வாட்சன் சொன்னதை அடியோடு புரட்டிப்போடும் ஆய்வை அவர் தொடங்கினார். அவர் பெயர் மேரி ஐன்ஸ்வர்த். இன்றைய பேச்சு அவரைப் பற்றியது.

மேரி சால்ட்டர் பிறந்தது 1913 டிசம்பர் 1, ஒஹாயோ மாநிலத்தின் கிளெண்டேலில். மூன்று பெண்களில் மூத்தவர். அப்பாவின் வேலை மாற்றத்தால் 1918-ல் குடும்பம் டொராண்டோவுக்குக் குடிபெயர்ந்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்திலேயே இளங்கலை, முதுகலை, 1939-ல் முனைவர் பட்டம். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் வில்லியம் பிளாட்ஸ். பெற்றோர் பக்கத்தில் இருக்கிறார்கள் என்ற தைரியம் இருந்தால்தான் பிள்ளை புதிய இடத்தில் காலடி வைக்கும், புதியதைக் கற்கும். அந்தத் தைரியம் இல்லாத பிள்ளைக்கு உலகமே சுருங்கிவிடும் என்பது பிளாட்ஸின் கொள்கை. மேரியின் முனைவர் பட்ட ஆய்வும் இந்தப் பாதுகாப்பு உணர்வைப் பற்றியதுதான். பிற்காலத்தில் அவர் உலகறியச் செய்த கருத்தின் விதை இங்கே விழுந்தது. இதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது கனடியப் பெண்கள் படைப்பிரிவில் சேர்ந்தார். ஆட்களைச் சோதித்துப் பணிக்குத் தேர்வு செய்யும் வேலை; மேஜர் பதவி வரை உயர்ந்தார். திரும்பி வந்து டொராண்டோவிலேயே ஆளுமை மதிப்பீடு கற்பித்தார். மைத்தடங்களைக் காட்டி மனத்தை அறியும் ரோர்ஷாக் சோதனையில் நிபுணரானார். அந்தத் துறையின் பெரிய பெயரான புரூனோ குளோப்பருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1954-ல் வந்தது. பல ஆண்டுகள் பாடநூலாக இருந்தது. குழந்தை ஆய்வாளர் என்று நாம் அறிந்திருக்கும் இவர், தொழிலில் நோயாளியின் எதிரே அமர்ந்து பழகிய மருத்துவ உளவியலாளர். ஒருவர் சொல்வதை மட்டும் கேளாமல், சொல்லும்போது முகத்திலும் கையிலும் நடப்பதைக் கவனிக்கும் பயிற்சி அவருக்கு அங்கிருந்து வந்தது.

1950-ல் லியோனார்ட் ஐன்ஸ்வர்த்தை மணந்தார். கணவருக்கு லண்டனில் முனைவர் படிப்பு. மனைவி உடன் போனார், கையில் வேலை இல்லாமல். தோழி ஒருவர் காட்டிய செய்தித்தாள் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தார். அது டேவிஸ்டாக் மருத்துவமனையில் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர் நடத்திவந்த ஆய்வுக்குழு. சிறு வயதில் தாயைப் பிரியும் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதே அவர்கள் கேள்வி. உளவியல் வரலாற்றின் மிக முக்கியமான கூட்டணி ஒன்று இப்படி ஒரு விளம்பரத் துண்டில் தொடங்கியது.

அந்தக் குழுவில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்றொருவர் இருந்தார். போர்க் காலத்தில் அன்னா ஃபிராய்டின் குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலன் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கே வேலை செய்த அனைவரும், பதவி எதுவானாலும், குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பெழுத வேண்டும் என்பது விதி. அந்தப் பயிற்சியோடு டேவிஸ்டாக்குக்கு வந்தார். அந்நாளைய ஆங்கில மருத்துவமனைகள் பெற்றோரை வாரத்தில் மிகச் சில மணி நேரமே உள்ளே விட்டன. 1952-ல் ராபர்ட்சன் ஒரு படம் எடுத்தார். லாரா என்ற இரண்டு வயதுச் சிறுமி எட்டு நாள் மருத்துவமனையில் இருக்கிறாள். அழுகையை அடக்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வாடிப்போகிறாள். படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலர் கொதித்தார்கள், படம் பொய் என்றார்கள். ஆனால் 1959-ல் அரசு அமைத்த குழுவே, பெற்றோரைத் தடையின்றி உள்ளே விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஐன்ஸ்வர்த்துக்கு அந்தப் படத்தைவிட ராபர்ட்சனின் குறிப்பேடுகள் மேல் பெரிய மதிப்பு. தனக்கென்று ஓர் ஆய்வு வாய்த்தால் இப்படித்தான், நேரில் போய், பிள்ளை இருக்கும் இடத்திலேயே பார்த்து எழுதுவது என்று தீர்மானித்துக்கொண்டார்.

வாய்ப்பு மறுபடியும் கணவரின் வேலை வழியாகவே வந்தது. 1954-ல் லியோனார்டுக்கு உகாண்டாவின் கம்பாலாவில், கிழக்கு ஆப்பிரிக்கச் சமூக ஆய்வு நிறுவனத்தில் பணி. மனைவிக்கு அங்கே பதவி எதுவும் இல்லை. நிறுவனத்திலிருந்து கொஞ்சம் பணம் திரட்டி, ஒரு மொழிபெயர்ப்பாளரை உடன் வைத்துக்கொண்டு, லுகாண்டா மொழியும் கற்றுக்கொண்டு, சுற்றுவட்டார ஊர்களுக்குப் போகத் தொடங்கினார். 26 குடும்பங்கள், 28 குழந்தைகள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பிற்பகலில் வீட்டுக்கு வருபவர்களை உட்கார வைத்துப் பேசுவது அங்கு வாழும் பகாண்டா இனப் பெண்களின் வழக்கம். அந்த நேரமாகப் பார்த்துப் போவார்.

அவர் போனது வேறொன்றைப் பார்க்க. பால் மறக்கச் செய்வதற்காகப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துப் பாட்டி வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். பிரிவின் விளைவை அளக்க இதைவிடத் தோதான இடம் ஏது? போய்ப் பார்த்தால், அந்த வழக்கம் ஏறக்குறைய ஒழிந்திருந்தது. கருதுகோள் கைவிட்டுப் போனது. பல ஆய்வாளர்கள் இங்கே மூட்டை கட்டியிருப்பார்கள். இவர் உட்கார்ந்து, எதிரே நடப்பதைப் பார்த்தார். என் கணிப்பில் அவருடைய முழு வாழ்விலும் மிக முக்கியமான முடிவு இதுதான்.

அவர் பார்த்தது என்ன? தவழும் வயதுப் பிள்ளை தாயை விட்டு நகர்கிறது. கதவுவரை போகிறது, விருந்தாளியின் கைப்பையைத் தொட்டுப் பார்க்கிறது. நடுவில் ஒரு முறை திரும்பித் தாய் இருக்கிறாளா என்று பார்க்கிறது. மிரண்டால் ஓடி வந்து ஒட்டிக்கொள்கிறது. தெளிந்ததும் மறுபடி கிளம்புகிறது. டொராண்டோவில் பிளாட்ஸ் வகுப்பில் சொன்னது ஆப்பிரிக்கக் கிராமத்து வீட்டில் கண்ணெதிரே நடந்தது. பாலுக்காகத்தான் பிள்ளை தாயை நாடுகிறது என்று அதுவரை நம்பப்பட்டது. ஃபிராய்டியரும் நடத்தையியலாரும் ஒத்துப்போன அபூர்வமான இடம் அது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த அறிஞர்களைப் படித்துவிட்டு, அது பால் விவகாரமல்ல, ஆபத்தில் காப்பவரை நாடும் இயல்பூக்கம் என்று பௌல்பி சொல்லத் தொடங்கியபோது ஐன்ஸ்வர்த்துக்கே அது ஏற்பில்லை. உகாண்டாவின் குறிப்பேடுகள்தாம் அவர் மனத்தை மாற்றின. காப்பவரை நாடும் இந்த உறவுக்குத்தான் பிணைப்பு என்று பெயர்.

28 குழந்தைகளில் 16 பேரிடம் உறுதியான பிணைப்பு இருந்தது. 7 பேர் தாய் பக்கத்தில் இருந்தாலும் ஓயாமல் அழுதார்கள். 5 பேரிடம் பிணைப்பு இன்னும் உருவாகவில்லை. காரணம் தேடினார். தாயின் அன்பு என்று பொத்தாம்பொதுவாக ஒன்றும் அகப்படவில்லை. எந்தத் தாய் தன் பிள்ளையைப் பற்றிக் கேட்டால், எப்போது தூங்கும், எதற்குச் சிரிக்கும், எந்த அழுகைக்கு என்ன பொருள் என்று நுணுக்கமாகச் சொன்னாளோ, அவள் பிள்ளை பெரும்பாலும் உறுதியாக இருந்தது. வேறு எதையாவது பேசப் பிரியப்பட்டவளின் பிள்ளை அப்படி இல்லை. குறிப்பறியும் திறன் என்ற கருத்து இங்கே பிறந்தது. இந்த ஆய்வு நூலாக வந்தது 1967-ல். பதின்மூன்று ஆண்டுத் தாமதம். பிள்ளைகள் பாட்டியிடமும் தகப்பனிடமும் கூடப் பிணைப்புக் கொள்வதை அவர் அதிலேயே பதிவு செய்திருக்கிறார். பிணைப்புக் கொள்கை தாயை மட்டுமே பார்க்கிறது என்று குறை சொல்பவர்கள் இந்த நூலைத் திறந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

உகாண்டாவிலிருந்து பால்டிமோர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அவருக்குக் கொடுத்தது விரிவுரையாளர் வேலை. அதோடு ஷெப்பர்ட் பிராட் மனநல மருத்துவமனையில் நோயாளிகளை மதிப்பீடு செய்யும் பொறுப்பு. தகுதிக்கேற்ற இணைப் பேராசிரியர் பதவி இரண்டு ஆண்டு கழித்து, 1958-ல்தான் வந்தது. அந்த வளாகத்தின் உணவுக்கூடத்தில் அப்போது ஆண் பேராசிரியர்களும் பெண் பேராசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியாது. 1960-ல் மணமுறிவு. அதன்பின் பல ஆண்டுகள் தாமே உளப்பகுப்பாய்வுக்கு உட்பட்டார். அது தம் வாழ்வில் பெரிய உதவி என்று வெளிப்படையாகவே சொன்னார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

1963-ல் பால்டிமோர் ஆய்வு தொடங்கியது. 26 நடுத்தர வர்க்கக் குடும்பங்கள். குழந்தை பிறந்த முதல் மாதத்திலிருந்து 54 வாரம் வரை, மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக 18 தடவை வீட்டுக்குப் போவது. ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். ஒரு குடும்பத்துக்கு 72 மணி நேரம். ஆய்வாளர் மூலையில் சிலையாக உட்காரக் கூடாது. பேச வேண்டும், பிள்ளை வந்தால் தூக்க வேண்டும், அப்போதுதான் தாய் இயல்பாக இருப்பாள். திரும்பியதும் குறிப்பைப் பார்த்து ஒலிநாடாவில் முழுதாகச் சொல்லித் தட்டச்சு செய்ய வேண்டும். தாய் பாலூட்டும்போது பிள்ளை முகத்தைத் திருப்பினால் நிறுத்தினாளா, வாயில் திணித்தாளா. தூக்கும்போது எப்படித் தூக்கினாள். அழுகை எழுந்து எத்தனை நேரம் கழித்து எழுந்தாள் என்று ஒவ்வொன்றும் எழுத்தில் ஏறியது. உளவியலில் இதற்கு முன் இந்த அளவு யாரும் செய்ததில்லை. பின்பு செய்தவர்களையும் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்தக் குறிப்புகளிலிருந்து 1972-ல் சில்வியா பெல்லும் ஐன்ஸ்வர்த்தும் வெளியிட்ட கட்டுரை பெரும் சண்டையைக் கிளப்பியது. அழும்போதெல்லாம் தூக்கினால் பிள்ளை அழுது அழுதே காரியம் சாதிக்கப் பழகும் என்பது வாட்சன் வழிவந்த நம்பிக்கை. இவர்கள் கண்டது நேர்மாறு: முதல் மாதங்களில் தாய் உடனுக்குடன் கவனித்த பிள்ளைகள் ஆண்டின் இறுதியில் குறைவாக அழுதார்கள், அழுகைக்குப் பதில் சைகையும் குரலும் கொண்டு பேசினார்கள். நடத்தையியலார் கணக்கு முறையில் பிழை பிடித்துக் கட்டுரை எழுதினார்கள். இவர்கள் பதில் எழுதினார்கள். புள்ளிவிவரச் சண்டையில் எதிர்த் தரப்புக்கும் நியாயம் இருந்தது. ஆனாலும், பிள்ளை அழுதால் தூக்கலாமா என்று ஒரு தாய் இன்று மருத்துவரைக் கேட்டால் கிடைக்கும் பதிலில் அந்தக் கட்டுரைக்குப் பங்குண்டு.

இனி, அவரைப் புகழ்பெறச் செய்த அந்தச் சோதனை. உகாண்டாவில் தெளிவாகத் தெரிந்த ஒன்று பால்டிமோர் வீடுகளில் மங்கலாகத் தெரிந்தது. தாய் அறைக்கு அறை போய்வருவது அந்தப் பிள்ளைகளுக்குப் பழகிய சங்கதி. மிரள்வதற்குக் காரணமே இல்லை. சரி, பழகாத இடத்தில் வைத்துப் பார்ப்போம் என்று பார்பரா விட்டிக்குடன் சேர்ந்து புதுச்சூழல் சோதனையை வடிவமைத்தார். பொம்மைகள் கிடக்கும் ஓர் அறை. தாயும் ஒரு வயதுப் பிள்ளையும் நுழைகிறார்கள். முன்பின் தெரியாத பெண் ஒருத்தி வருகிறாள். தாய் வெளியே போகிறாள், திரும்புகிறாள். மறுபடி போகிறாள், இம்முறை பிள்ளை தனியாக. அந்தப் பெண் வருகிறாள், பிறகு தாய். மொத்தம் எட்டுக் கட்டங்கள், பெரும்பாலும் மூன்று மூன்று நிமிடம். பிள்ளை மிகவும் தவித்தால் உடனே நிறுத்திவிடுவார்கள். எல்லாம் இருபது நிமிடத்தில் முடியும்.

தாய் போனதும் பிள்ளை அழுகிறதா என்பதுதான் முக்கியம் என்று எவரும் நினைப்பார்கள். ஐன்ஸ்வர்த்தின் கண் நின்ற இடம் வேறு: தாய் திரும்பி வரும் நொடி. பால்டிமோர்ப் பிள்ளைகளில் இந்த அறைக்கு வந்தவர்கள் 23 பேர். அவர்களில் 13 பேர் அழுதாலும் தாயிடம் போய்த் தேறிக்கொண்டு விளையாட்டுக்குத் திரும்பினார்கள். 4 பேர் தாயைப் பற்றிக்கொண்டே அவளை உதைத்தார்கள், தூக்கினாலும் அடங்கவில்லை. மீதி 6 பேர்தாம் ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தவர்கள். தாய் போனபோது அழவில்லை, வந்தபோது ஏறிட்டும் பார்க்கவில்லை, பொம்மையோடு இருந்தார்கள். சமர்த்துப் பிள்ளை, தன் காலில் நிற்கிறது என்று பக்கத்து வீட்டார் மெச்சுவார்கள்.

வீட்டுக் குறிப்புகளைப் புரட்டியபோதுதான் கதை மாறியது. இந்த ஆறு பிள்ளைகளும் வீட்டில் சமர்த்தே அல்ல. தாய் நகர்ந்தால் அழுதவர்கள், சினந்தவர்கள். அவர்களின் தாய்மார், பிள்ளை தொற்றிக்கொள்ள வரும்போது உடல் நெருக்கத்தை விரும்பாமல் விலக்கியவர்கள். ஆக, அறையில் கண்ட அமைதி கற்றுக்கொண்ட அமைதி. 1977-ல் ஆலன் ஸ்ரூஃபும் எவரெட் வாட்டர்ஸும் இதயத்துடிப்பை அளந்து பார்த்தபோது, வெளியே அசையாத அந்தப் பிள்ளைகளின் இதயமும் பிரிவில் மற்றவர்களைப் போலவே வேகமாகத் துடித்தது. கவனியுங்கள்: 72 மணி நேரக் குறிப்பு கையில் இல்லாவிட்டால், அந்த இருபது நிமிடத்துக்கு யாரும் நேர் எதிரான பொருளைச் சொல்லியிருப்பார்கள்.

1978-ல் மூன்று மாணவர்களோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நூலில் 106 குழந்தைகள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உறுதியான பிணைப்பு. அதற்குள் அவர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தார். மாணவர்கள் கிளை பரப்பினார்கள். மேரி மெயின், எந்த வகையிலும் அடங்காத பிள்ளைகளின் படப்பதிவுகளை ஜூடித் சாலமனுடன் திரும்பத் திரும்பப் பார்த்து, சிதறிய பிணைப்பு என்ற நான்காம் வகையைக் கண்டார். தாயை நோக்கி வரும்போதே உறைந்து நிற்கும் பிள்ளைகள் அவர்கள்.

எதிர்ப்பும் வந்தது. ஹார்வர்டின் ஜெரோம் கேகன், நீங்கள் அளப்பது பிணைப்பை அல்ல, பிள்ளையின் பிறவிச் சுபாவத்தை என்றார். ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரில் கிராஸ்மன் தம்பதியர் 49 குழந்தைகளைப் பார்த்தபோது ஏறக்குறைய பாதிப் பேர், திரும்பி வந்த தாயை ஏறிட்டும் பார்க்காத விலகும் வகை. ஜப்பானின் சப்போரோவில் 60 குழந்தைகளில் அந்த வகை ஒருவர்கூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு தேற்ற முடியாமல் தவித்தவர்கள். பிள்ளையைத் தனியே விட்டே பழகாத சமூகத்தில் மூன்று நிமிடத் தனிமை என்பது வேறொரு சோதனை அல்லவா? தாயின் குறிப்பறியும் திறனுக்கும் பிணைப்புக்கும் உள்ள தொடர்பை 1997-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது கிடைத்த எண் 0.24. தொடர்பு உண்டு, ஆனால் பால்டிமோரில் தெரிந்ததைவிட மிகக் குறைவு. தாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று விரல் நீட்ட இந்த எண் போதாது. வறுமையில் வாடிய 267 தாய்மாரின் பிள்ளைகளை 1970-களின் நடுவிலிருந்து பெரியவர்களாகும்வரை தொடர்ந்த மினசோட்டா ஆய்வும், தொடக்கம் முக்கியம், ஆனால் அது தலையெழுத்து அல்ல என்றே காட்டியது.

கருத்து ஆய்வகத்தை விட்டு வெளியே போனபின் வேறு வேடிக்கைகள் நடந்தன. 1987-ல் சிண்டி ஹேசனும் பிலிப் ஷேவரும் டென்வர் நாளிதழ் ஒன்றில் காதல் வினாப்பட்டியல் வெளியிட்டு, பெரியவர்களையும் மூன்று வகையாகப் பிரித்தார்கள். இன்று உங்கள் கைப்பேசியில் உலவும் 'நீங்கள் எந்த வகை?' வினாடி வினாக்களின் பாட்டன் அது. வேடிக்கையாக முடியாத இடங்களும் உண்டு. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாமா என்று முடிவெடுக்கும் இடங்களில் பிணைப்பு வகையை ஆதாரமாகக் காட்டத் தொடங்கினார்கள். 2017-ல் இத்துறை ஆய்வாளர்கள் பலர் கூட்டாகக் கட்டுரை எழுதி எச்சரிக்க வேண்டியிருந்தது: சிதறிய பிணைப்பு என்பது ஆய்வுக் குழுக்களை ஒப்பிட உதவும் வகைப்பாடு; தனியொரு பிள்ளை வதைபட்டது என்பதற்கு அது சான்றாகாது.

இந்தத் தவறான பயன்பாட்டின் வேர் எங்கே என்பதை ஐன்ஸ்வர்த் முன்பே கண்டிருந்தார். ஆய்வாளர்கள் சோதனை அறையையே பிடித்துக்கொண்டு, வீட்டில் நடப்பதைப் பார்க்கப் போகாமல் இருப்பது தமக்குப் பெரிய ஏமாற்றம் என்று கடைசிக் காலத்துப் பேட்டியொன்றில் சொன்னார். காரணம் ஊகிக்கக் கடினமில்லை. இருபது நிமிடச் சோதனையை ஒரு பருவத்தில் நூறு பிள்ளைகளுக்கு நடத்தலாம், கட்டுரையாக்கலாம், பதவி உயர்வு பெறலாம். 26 வீடுகளுக்கு ஓராண்டு நடையாய் நடப்பவருக்கு எந்தத் துறைத் தலைவர் காத்திருப்பார்? அவரே 1963-ல் தொடங்கியதை நூலாக்கப் பதினைந்து ஆண்டு ஆனது.

மரியாதைகள் வந்தன. 1989-ல் அமெரிக்க உளவியல் சங்கம் அவரையும் பௌல்பியையும் சேர்த்துக் கௌரவித்தது. 1999 மார்ச் 21 அன்று சார்லட்ஸ்வில்லில், 85-ஆம் வயதில் காலமானார்.

இந்த அரங்கில் உளவியல் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பாடத்திட்டம் உங்களுக்கு 1978-ஆம் ஆண்டு நூலின் சுருக்கத்தைத் தரும். மூன்று வகை, நான்கு வகை என்று அட்டவணை தரும். 1967-ல் வந்த உகாண்டா நூலை அதற்கு முன் தேடிப் படியுங்கள். பிறகு, ஆய்வுக்கு விண்ணப்பம் எழுதும்போது வினாப்பட்டியலுக்கு ஒதுக்கும் மாதங்களில் ஒரு மாதத்தையாவது வீடுகளுக்குப் போய்வர ஒதுக்குங்கள். வழிகாட்டி மறுத்தால் வாதாடிப் பெறுங்கள்.